அடக்கம்: வேறு ஊரில்

திருச்சிக்காரர்களுக்கு எப்போதும் ஒரு மிதப்பு உண்டு. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், காவிரி என்று அடுக்கி முடித்த பிறகும் விடமாட்டார்கள். செத்தவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பிஷப் ஹீபர் 1826-இல் குளிக்க இறங்கிய இடத்தில் உயிரை விட்டார், தூய யோவான் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் என்று ஒரு சினேகிதர் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டால் ஹீபர் ஏதோ அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துபோனவர் என்று தோன்றும். தஞ்சாவூர்க்காரர்கள் அதற்குச் சளைத்தவர்களா? 1798-இல் காலமான ஷ்வார்ட்ஸ் பாதிரியாரை எடுத்து முன்னால் வைப்பார்கள். சென்னையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெரினாவில் காலை நடைக்குப் போகிறவன்கூட நான்கு முதலமைச்சர்களைத் தாண்டித்தான் சுண்டல் கடைக்குப் போகவேண்டும்.

நான் அரியலூர்க்காரன். என் மனைவி பெரம்பலூர்ப் பக்கம். எங்கள் இரண்டு மாவட்டத்தையும் சேர்த்துப் பிழிந்தாலும் வெளியூர்க்காரனைக் கூட்டிப்போய், "இதோ, இங்கேதான் இன்னார்" என்று காட்ட ஒரு சமாதி தேறுவது கஷ்டம். பெரிய மனிதர்கள் பிறக்காத சீமை என்று நினைத்துவிடக் கூடாது. பிறந்தார்கள், வாழ்ந்தார்கள், ஆண்டார்கள், எழுதினார்கள். சாகும் நேரம் வந்ததும் எல்லோரும் வெளியூர் போய்விட்டார்கள்.

முதல் ஆள் ராஜேந்திர சோழன். கங்கை வரைக்கும் படை அனுப்பி, கடல் தாண்டி ஸ்ரீவிஜயத்தை அடித்து, எங்கள் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் தலைநகரமே கட்டிக்கொண்டவர். அதற்கப்புறம் இரண்டரை நூற்றாண்டு சோழர்களுக்கு அதுதான் தலைநகரம். இவ்வளவு செய்த மனிதர் 1044-இல் கண்ணை மூடியது எங்கே? செய்யாறு பக்கத்தில் இருக்கிற பிரம்மதேசத்தில். அவரோடு தேவி வீரமாதேவியும் போய்ச் சேர்ந்ததையும், அந்த அம்மாளின் தாகம் தீர அவருடைய சகோதரர் தண்ணீர்ப் பந்தல் வைத்ததையும் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பந்தல்கூட அந்த ஊருக்குத்தான் போனது.

நான் ஐந்தாவது படிக்கும்போது கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். அப்போது கோயிலைச் சுற்றி ஆடு மேயும். நந்தியின் நிழலில் புளிசாத மூட்டையை அவிழ்த்துச் சாப்பிட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு யாரும் இல்லை. பின் பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், ராஜேந்திரன் சமாதி எங்க சார்?" என்று கேட்டான். வாத்தியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அவரு கங்கைக்கே போனவருடா. ஊருல தங்குவாரா?" என்றார். சரித்திர வகுப்பு அத்தோடு முடிந்தது.

மதில் எங்கே என்று அந்தப் பையன் கேட்டிருந்தால் வாத்தியாருக்கு இன்னும் கொஞ்சம் சிரமம். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினபோது, அதாவது நாம் அணைக்கரை என்கிறோமே அதைக் கட்டினபோது, கோயிலின் சுற்று மதிலைப் பெயர்த்துக் கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். பதிலுக்குச் செங்கல்லில் மதில் எழுப்பித் தருவதாகப் பேச்சு. பேச்சோடு சரி. ராஜா வெளியூரில் அடக்கம்; மதில் கொள்ளிடத்தில் அடக்கம். இன்றைக்கு நிலைமை வேறு. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தாயிற்று. புல்தரை, கம்பி வேலி, வாகன நிறுத்தம், செருப்புக்கு டோக்கன் எல்லாம் வந்துவிட்டன. 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரைக்குப் பிரதமரே வந்து ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டுவிட்டுப் போனார். புளிசாதம் சாப்பிட்ட இடத்தில் இப்போது உட்கார்ந்தால் விசில் ஊதுகிறார்கள்.

பழுவூர்க்காரர்கள் கதை இதைவிட வேடிக்கை. கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று மூன்று ஊர்களும் பழுவேட்டரையர்களின் சீமை. கீழையூரில் அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்று இரட்டைக் கோயில், முற்காலச் சோழர் வேலை, கல்லிலே நகை செய்த மாதிரி இருக்கும். என் சின்ன வயதில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது யாரும் தலையைத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். 1950-இலிருந்து 1954 வரை கல்கி தொடர்கதை எழுதித் தமிழ்நாடு முழுக்கப் பெரிய பழுவேட்டரையரின் மீசையைப் பரப்பியபோதும், உள்ளூரில் அது யாரோ தஞ்சாவூர்க் கோட்டைக்காரர் கதை என்றுதான் இருந்தது. 2022-இல் படம் வந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு தம்பி டீக்கடையில் வந்து, "அங்கிள், பெரிய பழுவேட்டரையர் சமாதி எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார். கடைக்காரர் அசரவில்லை. "அவரு சினிமாவுலதான் தம்பி செத்தாரு. இங்க சாவல" என்றார்.

பாடப்புத்தகம் பக்கம் வந்தால் வீரமாமுனிவர். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சிக்கு வந்து, அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, கலம்பகம் பாடினார். தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் என்று அந்த மனிதர் பார்த்த வேலையை இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத் துறை முழுக்க உட்கார்ந்தாலும் பார்க்காது. பரமார்த்த குரு கதையும் அவருடையதுதான். அதில் குருவின் ஐந்து சீடர்களும், அவருக்கு உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று சரியாகப் பார்க்காமலே குளிப்பாட்டி அடக்கம் செய்து முடிக்கிறார்கள். அப்படி ஓர் அடக்கத்தை எழுதின மனிதரின் சொந்த அடக்கத்துக்கு இரண்டு ஊர்கள் சண்டை போடுகின்றன. 1747-இல் அவர் இறந்தது கேரளத்து அம்பழக்காட்டில் என்கிறார்கள் ஒரு சாரார்; தெற்கே மணப்பாட்டில் என்கிறார்கள் மற்றவர்கள். ஏலாக்குறிச்சி இந்தச் சண்டையிலேயே இல்லை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி அவருக்குச் சிலை வைத்தபோதும், மெரினாவில்தான் வைத்தார்கள்.

ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் இருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போவோம். சாதி மதமெல்லாம் பார்த்ததில்லை. பாட்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் திரும்பும் வழியில் திருமழபாடி சிவனுக்கு எண்ணெயும் கொடுத்துவிடுவாள், கணக்கு நேராக இருக்கட்டும் என்று. "இந்தக் கோயில கட்டுன சாமியாரு எங்க பாட்டி?" என்று கேட்டதற்கு, "ஊருக்குப் போயிட்டாரு" என்றாள். எந்த ஊருக்கு என்று அவளுக்கும் தெரியாது; எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெரம்பலூர்ப் பக்கம் சண்டை நடந்த ஊர் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும் நாற்கரச் சாலையில் ரஞ்சன்குடி கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்து, "ஏதோ கோட்டை" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டிருப்பீர்கள். அதை அடுத்த வாலிகண்டபுரத்தில் 1751-இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக ஒரு பெரிய மோதல். சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலிக்குப் பின்னால் இங்கிலீஷ் கம்பெனி. கம்பெனிப் படைக்கு நல்ல அடி. பின்வாங்கித் திருச்சிக் கோட்டைக்குள் போய்ப் புகுந்தார்கள். அந்தக் கூட்டத்தில் படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சேகரிக்கும் பொறுப்பில் ஓர் இருபத்தைந்து வயது இளைஞரும் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். அன்றைக்கு வாலிகண்டபுரத்திலேயே அவர் கதை முடிந்திருந்தால், எங்கள் மாவட்டத்துக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு கல்லறை கிடைத்திருக்கும். இந்தியாவுக்கும் கொஞ்சம் செலவு மிச்சமாகியிருக்கும். நடக்கவில்லை. 1774-இல் இங்கிலாந்தில் இறந்து, மோர்ட்டன் சே என்ற கிராமத்துக் கோயிலில், பெயர்கூடப் பொறிக்காத குழியில் போனார். சந்தா சாகிபும் முகமது அலியும்? இரண்டு பேருமே கடைசியில் திருச்சி மண்ணில். சண்டை எங்களது, சமாதி அவர்களது.

எளம்பலூர் பிரம்மரிஷி மலையில் சித்தர் சமாதி இருக்கிறதே என்று என் மனைவி விட்டுக்கொடுக்காமல் சொல்வாள். இருக்கிறது. பௌர்ணமிக்குக் கூட்டமும் வருகிறது. ஆனால் சித்தர்கள் செத்தார்கள் என்று ஒத்துக்கொள்கிற பக்தர் யார்? ஜீவசமாதி என்பார்கள். அதனால் அவரையும் இந்தக் கணக்கில் எழுத முடியாது.

இந்தக் கணக்கை நான் எழுத்தில் போடவேண்டிய சந்தர்ப்பம் தம்பி மகளால் வந்தது. திருச்சியில் வரலாறு படிக்கிறாள். சொந்த வட்டாரத்து இடுகாடுகளில் அடக்கமான புகழ்பெற்றவர்களைப் பற்றி ஆளுக்கொரு புராஜெக்ட் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு படிவம்: பெயர், பிறப்பு, இறப்பு, கல்லறை இருக்கும் இடம், தற்போதைய நிலை. திருச்சிப் பிள்ளைகள் ஒரே மத்தியானத்தில் ஆட்டோ பிடித்து முடித்துவிட்டார்கள். இவள் போன் செய்து, "பெரியப்பா, நம்ம ஊர்ல யாரு இருக்கா?" என்றாள். ராஜேந்திரனில் ஆரம்பித்து மேலே சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் எஸ்கேப்பா?" என்றாள்.

எல்லாரும் அல்ல. அவளுக்குச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்ட பெயர்கள் சில உண்டு.

1956 நவம்பர் 23 விடியற்காலை. நல்ல மழை. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளம் கரையை அரித்திருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. ஏறத்தாழ 150 பேர் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். துணை மந்திரி அழகேசனின் பெயரும் எங்கள் ஊர் பெயரும் சேர்ந்து தேர்தல் கோஷம் ஆயின. இன்றும் பொது அறிவுப் புத்தகத்தில் அரியலூர் என்றால் அந்தப் பதவி விலகல்தான், பரீட்சைக்கு வரும். ஆனால் அந்த 150 பேரின் பெயரை எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. பாட்டி அந்தப் பாலத்தில் வண்டி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு, முந்தானையில் முடிந்திருந்த காசை ஜன்னல் வழியாக ஆற்றில் போடுவாள். இப்போது சென்னை–நெல்லை வந்தே பாரத் அரியலூரில் நிற்பதே இல்லை. ஜன்னலைத் திறக்கவும் முடியாது. பாலம் வருவதற்குள் சிற்றுண்டித் தட்டு வந்துவிடுகிறது.

கீழப்பழுவூர் சின்னசாமியைச் சொன்னேன். இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25-ஆம் தேதி திருச்சி ரயில் நிலையத்துக்கு எதிரே தீக்குளித்து உயிரைக் கொடுத்த முதல் ஆள். அவருக்குப் பிறகுதான் அந்தத் தேதி மொழிப்போர் தியாகிகள் நாள் ஆனது. நினைவிடம் திருச்சி தென்னூரில். வருஷா வருஷம் எல்லாக் கட்சிக்காரர்களும் நேரம் பிரித்துக்கொண்டு மாலை போடப் போகிறார்கள். அவருடைய ஊரில் இப்போது சிமெண்டு ஆலை இருக்கிறது.

குழுமூர் அனிதாவை அவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை; அவள் தலைமுறை. பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. டாக்டர் ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன பெண். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி போய்விட்டாள். குழுமூரில் அவள் பெயரில் நூலகம் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள், 2022 ஜனவரியில், அவள் மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதன் அரங்கத்துக்கு அனிதா நினைவு அரங்கம் என்று பெயர். இதைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு வராது. மேலே போகிறேன்.

மாவட்டம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ஆளைப் புதைத்த கதை எங்களிடம் குறைவுதான், ஆனால் மாவட்டத்தையே புதைத்து எழுப்பிய அனுபவம் உண்டு. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது; வெடி போட்டோம். 2002 மார்ச்சில் சிக்கனம் என்று சொல்லி, கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பெயர்ப் பலகைகளைக் கழற்றி வைத்தார்கள். ஒரு தாசில் அலுவலகத்தில் அந்தப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு மேலே கோப்பு அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். 2007-இல் மறுபடி மாவட்டம். திறந்த தேதி நவம்பர் 23. மருதையாற்றுத் தேதி. யாரும் பஞ்சாங்கத்தைத் தாண்டிப் பழைய பேப்பரைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பலகையைத் தூசி தட்டி மாட்டிவிட்டார்கள்.

"பெரியப்பா, இப்பவும் ஒரு பேருகூட வரல" என்றாள் தம்பி மகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் மண்ணில் புகழ்பெற்றவர்கள் கோடிக்கணக்கில் அடக்கமாகியிருக்கிறார்கள். கொஞ்சம் மூத்தவர்கள், அவ்வளவுதான்.

காரை, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், சில்லக்குடி, ஊட்டத்தூர் இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னால் சென்னையில் ஒருவருக்கும் தெரியாது. லண்டனிலும் வியன்னாவிலும் மண்ணியல் படித்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பதினொரு கோடி ஆண்டுக்கு முன்னால் கடல் இங்கே ஏறி வந்தது. ஆறரைக் கோடி ஆண்டு வரைக்கும் வருவதும் வற்றுவதுமாக இருந்தது. அந்தக் கடலில் செத்தவை எல்லாம் அடுக்கடுக்காக இங்கேயே படுத்துவிட்டன. எங்கள் ஊர்க்காரர்களிலேயே வெளியூர் போகாதவர்கள் அவர்கள்தான்.

சின்னப் பிள்ளையில் எங்களுக்கு அவர்களோடு நல்ல பழக்கம். கல்லங்குறிச்சிப் பக்கம் உழுத கொல்லையில் சிப்பி கொட்டிக் கிடக்கும். பாண்டி விளையாட வட்டமான சில்லு தேடவே வேண்டாம். காரையில் மழை விட்டதும் போனால், செம்மண்ணும் சாம்பல் மண்ணும் கலந்த மேட்டில் விரல் நீளத்துக்குக் கூரான கற்கள் கழுவிவிட்டாற்போல் மேலே வந்து நிற்கும். வெள்ளைக்காரன் ரஞ்சன்குடியில் சுட்ட தோட்டா என்று பெரிய பையன்கள் சொல்வார்கள். ஒரு கைப்பிடிக்கு இரண்டு கடலை மிட்டாய் விலை. அது பெலம்னைட் என்ற கணவாய் இனத்துப் பிராணியின் உள்கூடு. எங்கள் வீட்டு முன்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டை கொடுத்திருந்த கல்லை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது: ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்தது, மறுபக்கம் நடுவிலிருந்து சுருண்டு சுருண்டு வெளியே வரும் வரம்புகள், ஒவ்வொரு வரம்புக்கும் இடையில் சுண்ணாம்பு. விரலால் அந்தச் சுருளைத் தொடர்ந்துகொண்டே போனால் நடுவில் பொட்டளவு குழியில் போய் முடியும். அம்மா அதன்மேல்தான் அரிவாள்மணையைத் தீட்டுவாள். அம்மோனைட் என்று பிற்பாடு படித்தேன்.

இவர்களையும் ஊரில் இருக்கவிட்டார்களா என்ன? 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு துரைகள் மூட்டை மூட்டையாகப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றுக்கு லத்தீன் பெயர் வைத்து எழுதினார். அப்புறம் ஹென்றி பிளான்ஃபோர்ட் நடந்தே எங்கள் சீமையை வரைபடமாக்கி, அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பெயர் வைத்தார். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகப் பின்னால் வந்தவரும் அவர்தான். கல்கத்தாவில் உட்கார்ந்து எங்கள் நத்தை, சிப்பி, அம்மோனைட் ஒவ்வொன்றையும் வருஷக்கணக்காகப் பார்த்துப் பெயரும் குலமும் எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்தவர். 1874-இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் உயர்ந்த மலைப் பகுதியில் மூச்சு முட்டி இறந்தார். லடாக் லே நகரத்துக் கல்லறையில் அவருக்கு அரசாங்கச் செலவில் தூண் எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் மூதாதையர்களுக்கு ஜாதகம் எழுதின மனிதர். அவர் கல்லறையும் வேறு ஊரில்தான்.

சாத்தனூர்க் கல்மரம் மட்டும் அசையவில்லை. 18 மீட்டர் நீளம், 12 கோடி வயது என்று பலகை சொல்கிறது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு எழுதினார். அப்போது ஓடைக்குள் கிடந்ததை இப்போது வேலி போட்டு, பூங்கா கட்டி, தேசிய நினைவுச் சின்னம் ஆக்கியிருக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் இவ்வளவு மரியாதையோடு படுத்திருக்கிறவர் வேறு யாரும் இல்லை.

இந்தக் கூட்டத்தில் ராஜேந்திரனுக்கு நிகரான ஆளும் உண்டு. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள்: புருஹத்காயோசாரஸ். பெருங்காயம் கொண்டது என்று பொருள். நம் ஊர் வாயில் நுழையாவிட்டாலும் சமஸ்கிருதம்தான். கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் புலால் தின்னி என்றார்கள், பிறகு தழை தின்னி என்று ஆயிற்று. உலகில் நடமாடிய பிராணிகளிலேயே பெரியதாக இருக்கலாம், 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023-இல்கூடக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சரி, எலும்பு எங்கே? இல்லை. ஈரமும் களிமண்ணும் சேர்ந்து உதிர்த்துவிட்டன. ஏழு கோடி ஆண்டு தாங்கியது, தோண்டியெடுத்த பிறகு சில மழைக்காலம் தாங்கவில்லை. படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம்.

2009-இல் செந்துறைப் பக்கம் ஓடையில் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரர்கள் டைனோசர் முட்டைகள் கொத்துக்கொத்தாக இருப்பதைக் கண்டார்கள். டெல்லிப் பேப்பர் வரைக்கும் செய்தி. அதற்கப்புறம் எங்கள் ஆட்களுக்கு உருண்டையாக எதைப் பார்த்தாலும் முட்டைதான். 2020-இல் குன்னத்தில் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வந்தன. அன்று சாயந்திரத்துக்குள் வாட்ஸ்அப்பில் குன்னமே குஞ்சு பொரித்துவிட்டது. கொரோனா என்றும் பாராமல் குழந்தை குட்டியோடு வந்து செல்பி எடுத்தார்கள். அதிகாரிகளும் அறிஞர்களும் வந்து பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் அடங்கிய கல் உருண்டைகள் என்றார்கள். கூட்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கலைந்தது. வண்டிச் சக்கரத்தளவுக்கு வளரக்கூடிய ஒரு கடல் பிராணி தம் ஊர் ஏரியில் படுத்திருப்பது ஒரு விஷயமாகவே யாருக்கும் படவில்லை. ஊருக்குப் பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் எழவு வீட்டில் கூட்டம் நிற்கும்.

மீதிப்பேர் நிலைமை வேறு. அந்தச் சிப்பிகளும் நத்தைகளும் சேர்ந்துதான் சுண்ணாம்புக்கல். 1979-இல் அரசு சிமெண்டு ஆலை வந்தது. இன்றைக்கு பெரிய கம்பெனிகள் எல்லாம் இருக்கின்றன. வெடி வைத்து உடைத்து, லாரியில் ஏற்றி, களிமண்ணோடு அரைத்து, சுழலும் சூளையில் 1450 டிகிரி வரை எரித்து, ஜிப்சம் சேர்த்து மூட்டை கட்டுகிறார்கள். மற்ற ஊர்களில் புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். எங்கள் ஊரில் மட்டும் புதைத்தவர்களைத் தோண்டியெடுத்து எரிக்கிறோம். அந்த மூட்டைகள் தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. வெளியூர்களில் எழும்புகிற மணிமண்டபங்களில், நினைவிடங்களில், கல்லறைகளில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று ரசீது கிடையாது. ஆனால் இல்லாமல் இருக்கமாட்டார்கள்.

உள்ளூர்ச் சுடுகாடும் அதனால் மாறித்தான் போயிற்று. முன்பு ஓடைக்கரையில் மண்மேடு, மேலே ஒரு முள்; பண்ணைக்காரர் வீட்டுச் சமாதிக்கு மட்டும் சிமெண்டும் விளக்கு மாடமும். இப்போது எல்லாருக்கும் டைல்ஸ், கிரானைட்டில் போட்டோ, தகரக் கூரை. பழைய கொத்தனார்கள் போய், சமாதி மட்டுமே கட்டுகிற காண்ட்ராக்டர்கள் வந்துவிட்டார்கள். போன மாசம் ஒரு பங்காளிக்குக் கட்டும்போது ஜல்லியில் ஒரு முழுச் சிப்பி வந்தது. கொத்தனார் எடுத்துப் பார்த்து, "கல்லு சுத்தமில்ல" என்று தூக்கி வீசினார்.

தம்பி மகளுக்கு இது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவளும் உற்சாகமாகப் படிவத்தை நிரப்பினாள். பெயர்: புருஹத்காயோசாரஸ். இறப்பு: சுமார் ஏழு கோடி ஆண்டுக்கு முன். கல்லறை இருக்கும் இடம்: கல்லமேடு. தற்போதைய நிலை: உதிர்ந்துவிட்டது. அடுத்து கல்மரம், அம்மோனைட், பெலம்னைட் என்று பக்கம் பக்கமாக. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போய்ப் படமும் எடுத்து ஒட்டினாள்.

அடுத்த வாரம் போன்.

"பெரியப்பா, சார் திருப்பிக் குடுத்துட்டார். மனுஷங்க மட்டும்தானாம்."

"சரி, வேற என்ன பண்ணப் போற?"

"திருச்சிய எடுத்துக்கச் சொல்றார். அங்க ஹீபர் இருக்காராம்."